வீட்டுக் கணினிகளின் கொம்புமுறி

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகியம்மன் கோயில்களின் திருக்கதவு திறக்கும். வழக்குரை பாடப்படும்; நிறைவில் குளிர்த்தி நடைபெறும். இச்சடங்குகளை இன்றும் காணலாம். ஆனால், இவற்றோடு ஒட்டி வளர்ந்த விளையாட்டொன்றை வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோரில் மிகப் பலர் கண்டதில்லை; கேள்விப்பட்டிருப்பர். அதுவே கொம்புமுறி.

வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி இறுகப் பிணைப்பர். ஒரு கொம்பு வடசேரியாருடையது, மற்றையது தென்சேரியாருடையது. வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கச் சென்றபோது அவர்களது கொக்கைத்தடிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டன என்றும், அவற்றை விடுவிக்க இழுத்த இழுப்பே விளையாட்டாயிற்று என்றும் கதை வழங்குகிறது. வடம் பூட்டி இரு கட்சியாரும் இழுக்க, எக்கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். வென்றவர் ஆடிப் பாடுவர்; தோற்றவரை வசைபாடுவர். மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் பரவியபோதும் அம்மனின் சினம் தணிய வேண்டி இது நடைபெற்றது. சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வத்தை ஒட்டி நிகழும் அங்கெலிய என்னும் ஆட்டம் இதன் உடன்பிறப்பு எனலாம்.

ஒருவன் வடசேரியா, தென்சேரியா என்பது அவன் ஆராய்ந்து தெரிந்தெடுத்த கொள்கையன்று. பிறந்த குடும்பம் எக்கட்சியோ அதுவே அவன் கட்சி. எனினும், அதற்காக அவன் குரல் கம்மும்வரை வாதாடுவான். ஆட்டம் அடிதடியில் முடிந்த நாள்களும் உண்டு. வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலில் இவ்விளையாட்டைப் பற்றி எழுதி வைத்திராவிடின், பின்வந்தோர் அறிந்திருக்கக்கூடியது இதனினும் குறைவாகவே இருந்திருக்கும்.

இத்தகைய கட்சிப் போர் ஒன்று 1980களில் இங்கிலாந்தின் பாடசாலை முற்றங்களில் நடைபெற்றது. அங்கே தெய்வமில்லை, வடமில்லை. கொம்பு மட்டும் இருந்தது. அது, தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து இயக்கும் சிறு வீட்டுக் கணினி. அன்று அதற்காகச் சண்டையிட்ட சிறுவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். அவர்களிடம் ‘நீர் ஸ்பெக்ட்ரமா, கொமடோரா?’ என்று வினவினால், இன்றும் முகம் மலர்ந்து விடையிறுப்பர். நரை திரண்ட பின்னும் ஒரு பொறியின்மேல் இத்துணைப் பற்று ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காண வேண்டுமாயின், அப்பொறிகள் எவ்வாறு இயங்கின என்பதையும், அவற்றின் உயிர் எதில் குடியிருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். அவ்வுயிர் குடியிருந்த பொருள் அதே ஆண்டுகளில் மட்டக்களப்பு வீடுகளிலும் இருந்தது என்பது வியப்புக்குரியது.

கணினி என்றால் பல்கலைக்கழகத்திலோ பெருங்கொம்பனியிலோ குளிரூட்டிய அறையில் வைக்கப்படும் பேரியந்திரம் என்றே 1970களின் நடுப்பகுதிவரை உலகம் எண்ணியிருந்தது. அதை ஒரு பாடநூலின் அளவுக்குச் சுருக்கி, நடுத்தரக் குடும்பம் வாங்கத்தக்க விலைக்குக் கொண்டுவந்தோரில் முதன்மையானவர் இங்கிலாந்தின் கிளைவ் சிங்கிளெயர். 1980இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ். 80 என்னும் கணினியின் விலை நூறு பவுணுக்கு ஐந்து பென்சு குறைவு. மறு ஆண்டு இசட்.எக்ஸ். 81 எழுபது பவுணுக்குள் கிடைத்தது. 1982 ஏப்பிரல் 23ஆம் நாள் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் வெளிவந்தது. கறுப்புப் பெட்டி, அழிறப்பர் போன்ற நாற்பது சாவிகள், ஓரத்தில் வானவில் கோடு. 16 கிலோபைற் நினைவகம் கொண்டது 125 பவுண். 48 கிலோபைற் கொண்டது 175 பவுண். இன்று கைப்பேசியில் எடுக்கும் வழக்கமான புகைப்படம் ஒன்றுக்கு வேண்டிய இடத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத அந்த 48 கிலோபைற்றுக்குள், நகரங்களும் குகைகளும் விண்வெளியும் அடக்கப்பட்டன.

மறுகட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. போலந்து நாட்டில் பிறந்து, நாற்சிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய ஜக் ட்ராமியெல் என்பவர், தட்டச்சுப்பொறி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து படிப்படியாக உயர்ந்து நிறுவிய கொம்பனி கொமடோர். அதன் கொமடோர் 64, 1982இல் 595 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே 300 டொலருக்குக் கீழ் இறங்கியது. பெயரிலுள்ள 64 அதன் நினைவக அளவைக் குறிக்கும். உலகெங்கும் ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. ஸ்பெக்ட்ரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிகளுக்குக் கணக்கில்லை.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகோர்ன் கொம்பனி செய்த பி.பி.சி. மைக்ரோ அது. மக்களுக்குக் கணினி அறிவூட்டத் திட்டமிட்ட பி.பி.சி. ஒலிபரப்பு நிலையம் தன் பெயரையே அதற்கு வழங்கிற்று. ஆதலால் பாடசாலைகளில் அதுவே இடம்பிடித்தது. இந்தியாவில் 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பாடசாலைக் கணினித் திட்டத்துக்கும் இதுவே வந்தது. ஏகோர்னை நிறுவியோருள் ஒருவரான கிறிஸ் கரி, முன்பு சிங்கிளெயரிடம் பணியாற்றியவர். 1984ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், கேம்பிரிட்ஜ் மதுச்சாலை ஒன்றில் இவ்விருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டனர். சிங்கிளெயரின் கணினிகள் பழுதாகித் திரும்புவதைச் சுட்டிக் காட்டிய விளம்பரம் ஒன்றே காரணம். முதலாளிகளே இவ்வாறாயின், பன்னிரண்டு வயதுச் சிறுவரைக் குறைகூறுவதற்கில்லை.

சிறுவர் எதைப் பற்றி வாதிட்டனர்? பெரும்பாலும் நிறத்தைப் பற்றியும் ஒலியைப் பற்றியும். ஸ்பெக்ட்ரத்தில் வீரன் ஒருவன் மரத்தைக் கடந்து சென்றால், மரத்தின் பச்சை அவன் உடலில் ஒட்டிக்கொள்ளும். கொமடோர்க் கட்சியார் இதைக் கண்டு எள்ளி நகைப்பர். இது குறைதான், ஆனால் கவனக்குறைவால் வந்ததன்று. ஸ்பெக்ட்ரத்தின் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறங்களுள் ஒன்றைத் தனித்தனியே குறித்து வைப்பதாயின், 18,432 பைற் வேண்டும். மலிவான 16 கிலோபைற் கணினியின் நினைவகம் முழுவதுமே 16,384 பைற்றுத்தான். படத்துக்கே இடம் போதாது; ஆட்டத்துக்கு எங்கே போவது? ஆதலால், எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் இரு நிறங்கள் மட்டுமே என்று வரையறுத்தனர். திரை முழுவதும் 6,912 பைற்றுக்குள் அடங்கிற்று. ஒரு பாயில் இருவர் மட்டுமே படுக்கலாம் என்ற கட்டுப்பாடு போன்றது இது. மூன்றாமவன் வந்தால், முன்பே படுத்திருப்பவனின் சட்டையைத்தான் அணிந்துகொள்ள வேண்டும்.

கொமடோரில் பின்னணிக்கு மேலே தனியாக மிதந்து செல்லத்தக்க எட்டு உருவங்களை அமைக்கும் வசதி பொறியிலேயே இருந்தது. அதன் ஒலிச் சில்லு மூன்று குரல்களில் இசைக்கும். அச்சில்லை நம்பியே ரொப் ஹபர்ட் போன்ற இசையமைப்பாளர் புகழ் பெற்றனர். ஆட்டம் நன்றாயில்லாவிடினும் இசைக்காகவே வாங்கியோர் இருந்தனர். ஸ்பெக்ட்ரத்துக்கோ ஒரு சிறு ஒலிப்பான்தான் இருந்தது. அதையும் கணிக்கும் சில்லு தன் வேலையை இடையிடையே நிறுத்திவிட்டுத் தானே தட்ட வேண்டும். சமைப்பவரே ஒரு கையால் மத்தளமும் அடிப்பது போன்ற நிலை.

இவ்வளவு குறைகளோடும் ஸ்பெக்ட்ரம் கட்சி தாழ்ந்துவிடவில்லை. 1983இல் மத்தியூ சிமித் என்னும் இளைஞர், பதினேழு வயது அளவில், ‘மனிக் மைனர்’ என்ற ஆட்டத்தைத் தனியொருவராக எழுதினார். சுரங்கத் தொழிலாளி ஒருவன் இருபது குகைகளைக் கடக்கும் ஆட்டம் அது. அந்தச் சிறு ஒலிப்பானைக் கொண்டே, ஆட்டம் நடக்கும்போது இடைவிடாது இசை ஒலிக்கச் செய்தார். 1984இல் வெளிவந்த ‘நைட் லோர்’ என்னும் ஆட்டத்தில், அறைகள் நீள அகல உயரத்தோடு தோன்றின. நிறம் ஒட்டும் தொல்லைக்கு அதன் ஆக்கியோர் கண்ட வழி எளியது: அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்துவிட்டனர். பார்த்தவர் அதை வறுமை என்று எண்ணவில்லை. அழகு என்றே கொண்டனர்.

அதே ஆண்டில் பி.பி.சி. மைக்ரோவுக்கென இயன் பெல், டேவிட் பிரேபன் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் எழுதிய ‘எலீற்’ இன்னும் வியப்புக்குரியது. விண்கலம் ஒன்றில் ஏறி உடுவிட்டு உடு சென்று வாணிபம் செய்யும் ஆட்டம் அது. எட்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 உடுக்கள், மொத்தம் 2,048. ஒவ்வோர் உலகுக்கும் பெயர் உண்டு, ஆட்சிமுறை உண்டு, சந்தை விலை உண்டு. கணினியின் நினைவகமோ 32 கிலோபைற். இவ்வளவையும் எங்கே எழுதி வைத்தனர்? எங்கும் எழுதி வைக்கவில்லை. மூன்று எண்களை விதையாகக் கொண்டு, அவற்றை ஒரு விதிப்படி கூட்டிக் கூட்டிச் செல்ல, அடுத்தடுத்த உலகுகள் தாமே பிறந்தன. அதே விதையைத் திரும்ப இட்டால் அதே உலகம் திரும்ப வரும். புள்ளி எண்ணிக்கையையும் இழை செல்லும் முறையையும் மனத்தில் வைத்திருப்பவர், கோலத்தை ஏட்டில் வரைந்து வைத்திராமலே முற்றத்தில் நாள்தோறும் வரைவதை நேயர்கள் கண்டிருப்பர்.

சிறுவன் எந்தக் கட்சி என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் தகப்பனின் சட்டைப்பையே. நத்தாருக்கு வீட்டுக்கு வந்தது எந்தப் பெட்டியோ, அதுவே கட்சி. இரண்டாவது கணினி வாங்குவது கனவிலும் நடவாது. ஆகவே வந்த பெட்டியின் குறைகளை நிறைகளாக்கிப் பேசும் கலையில் ஒவ்வொருவனும் வல்லவனானான். அதற்காகவே அப்பொறியின் உள்ளமைப்பையும் கற்றான். ஒரு கட்சியின் ஆட்டம் மறுகட்சியின் கணினியில் ஓடாது. இதில் வேடிக்கை என்னவெனில், ஸ்பெக்ட்ரம் கட்சியின் வேதமாகக் கருதப்பட்ட ‘கிரஷ்’ என்னும் சஞ்சிகையும், கொமடோர் கட்சியின் ‘சப் 64’ என்னும் சஞ்சிகையும் லட்லோ என்ற சிற்றூரிலிருந்த ஒரே பதிப்பகத்திலிருந்து வெளிவந்தன. இரு கொம்புகளையும் செதுக்கிய தச்சன் ஒருவனே போலும்.

இனி, இப்பொறிகளின் உயிர் எங்கிருந்தது என்பதற்கு வருவோம். மின்சாரம் நின்றால் இக்கணினிகள் அனைத்தையும் மறந்துவிடும். ஆதலால் ஆட்டத்தை வேறெங்காவது சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஊட்டுதல் வேண்டும். அமெரிக்காவில் காந்தத் தட்டு வழங்கிற்று. இங்கிலாந்தில் அதை வாங்க வசதியற்ற பெரும்பாலோர் பயன்படுத்தியது, பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாவையே. இலங்கையில் ‘கசற்’ என்று வழங்குகிறோமே, அதே பொருள்தான்.

கணினியின் மொழியில் உள்ள குறிகள் இரண்டே: சுழியும் ஒன்றும். ஸ்பெக்ட்ரம் சுழியைக் குறிக்க வினாடிக்கு ஏறத்தாழ 2,000 அதிர்வு கொண்ட ஓர் அலையையும், ஒன்றைக் குறிக்க ஏறத்தாழ 1,000 அதிர்வு கொண்ட ஓர் அலையையும் நாடாவில் பதிந்தது. சுழி குறில், ஒன்று அதன் இரு மடங்கு நீளமுள்ள நெடில் என்று கொள்ளலாம். ஆட்டம் முழுவதும் குறிலும் நெடிலுமாக அமைந்த நீண்டதொரு பாட்டாகிவிடும். நாடாவை ஓடவிட்டால், முதலில் நீளமானதொரு ஊளை. பின் கரகரவென்ற இரைச்சல். திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் துள்ளும். 48 கிலோபைற்றில் 3,93,216 குறிகள் உண்டு. அத்தனையும் ஏறிமுடிய ஏறக்குறைய ஐந்து நிமிடம் செல்லும். நான்காம் நிமிடத்தில் ஒரே ஒரு குறி பிசகினாலும் பிழைச்செய்தி தோன்றும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் மூச்சடக்கிக் காத்திருந்ததை அக்காலத்தவர் ஆட்டத்தினும் தெளிவாக நினைவில் வைத்திருப்பதுண்டு. ஒலிநாடாப் பொறியின் முனையைச் சிறு திருப்புளியால் இம்மி இம்மியாகத் திருப்பி, இரைச்சல் கூர்மையாகும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கப் பழகியோர் பலர்.

ஆட்டம் ஒலியாகிவிட்டதென்றால், வானொலியில் அதை ஒலிபரப்பவும் கூடுமல்லவா? அதையும் செய்தனர். நெதர்லாந்து வானொலியின் ‘ஹொபிஸ்கூப்’ நிகழ்ச்சி கணினி நிரல்களை ஒலியாகவே வான்வழி அனுப்பிற்று. கேட்போர், பாட்டைப் பதிவதுபோல் அவ்விரைச்சலை நாடாவில் பதிந்து, தம் கணினிக்கு ஊட்டினர். தொடக்கத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு கட்சியின் கணினிக்கும் ஒவ்வொரு வகை இரைச்சல் வேண்டும். ஒரே நிரலைப் பல முறை ஒலிபரப்ப நேர்ந்தது. இதைத் தீர்க்க ‘பேசிக்கோட்’ என்னும் பொதுவடிவம் ஒன்றை வகுத்தனர். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கட்டளைகளை மட்டும் கொண்டு நிரலை எழுதுதல், ஒரே வகை ஒலியில் பதிதல் என்பன அதன் விதிகள். பாடசாலை முற்றத்தில் சமாதானம் ஆகாத கட்சிகள் வானொலி அலையில் ஒரே பாட்டைக் கேட்டன. இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலியின் ‘சிப் ஷொப்’ நிகழ்ச்சியும் இம்முறையைக் கைக்கொண்டது.

யூகோசிலாவியாவின் கதை இலங்கையர்க்கு எளிதில் விளங்கும். அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுக் கணினியை முறைப்படி கொண்டுவருதல் அரிது. 1983இல் வோயா அன்ரோனிச் என்னும் பொறியியலாளர், உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளத்தக்க ‘கலக்சியா’ என்னும் கணினியை வகுத்து, அதன் வரைபடத்தைச் சஞ்சிகையில் வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்த்துச் செய்துகொண்டனர். பெல்கிரேட் வானொலியில் சொரான் மொட்லி என்னும் அறிவிப்பாளர், ‘வென்டிலேற்றர் 202’ என்ற இசை நிகழ்ச்சியினிடையே நிரல்களை ஒலிபரப்பினார். எதிர்பாராது அந்நேரத்தில் வானொலியைத் திறந்தவர், பெட்டி பழுதாகிவிட்டது என்றே எண்ணியிருப்பர்.

அவ்வாண்டுகளில் மட்டக்களப்பு எவ்வாறிருந்தது? 1977க்குப் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் திரும்பும்போது ஒலிநாடாப் பொறிகளைக் கொண்டுவந்தனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் வீழ்த்திச் சென்றது. 1979இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இடையே 1983 யூலை வந்தது. அதன் பின்னான ஆண்டுகளை வாவிக்கரைக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரமே இல்லை. இங்கிலாந்துச் சிறுவன் மின்குமிழ் ஒளியில் குகை கடந்துகொண்டிருந்தபோது, இங்கே அவனது வயதினர் அறிந்திருந்த காத்திருத்தல் வேறு வகையினது.

எனவே வீட்டுக் கணினி வாவிக்கரை வீடுகளுக்குப் பொதுவாக வந்து சேரவில்லை. ஒலிநாடா வந்து சேர்ந்தது. ஒரே அளவான பெட்டி, ஒரே அகலமான நாடா, அதே பழுப்பு நிறக் காந்தப்பூச்சு. அங்கே அதில் ஆட்டம் ஏறிற்று. இங்கே வானொலியிலிருந்து பதிந்த திரைப்பாட்டும், கோயில் திருவிழாவின் நாதசுரமும், கடல்கடந்து உழைத்தவர் வீட்டாருக்குப் பேசிப் பதிந்து அனுப்பிய குரற்கடிதமும் ஏறின. நாடா சிக்கிக்கொண்டால் பேனையை நுழைத்துச் சுழற்றியதும், முனையைப் பஞ்சினால் துடைத்ததும் இரு நாட்டார்க்கும் பொது. 1983க்குப் பின் லண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர், ஒரே வீட்டில் இவ்விரு வகை நாடாக்களையும் கண்டிருப்பர்.

அந்தக் கட்சிப் போர் நெடுநாள் நீடிக்கவில்லை. 1986இல் சிங்கிளெயர் தம் கணினி வணிகத்தை அம்ஸ்ட்ராட் கொம்பனிக்கு ஐம்பது இலட்சம் பவுணுக்கு விற்றார். 1992இல் ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி நின்றது. ட்ராமியெல் 1984லேயே கொமடோரை விட்டு விலகினார். 1994இல் அக்கொம்பனி நொடித்தது. ஏகோர்ன் பொறியியலாளர்கள் 1985இல் இயக்கிக் காட்டிய ஆர்ம் என்னும் சில்லின் வழித்தோன்றல்கள், இன்று உலகின் கைப்பேசிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உள்ளன. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படமெடுப்போரின் கையிலும் அதுவே. இதைச் சொன்னால் பழைய ஸ்பெக்ட்ரம் கட்சியார் சிலர் இன்றும் முகம் சுளிப்பர்.

ஆயினும் ஆட்டங்கள் அழியவில்லை. இதற்குக் கொம்பனிகள் காரணமல்ல. பழைய கட்சியாரே தம் அலுமாரிகளிலிருந்த நாடாக்களை எடுத்து, ஒலியைக் கணினிக்குள் பதிந்து, குறிலும் நெடிலும் பிசகாமல் பிரித்தெழுதினர். ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களுக்கான பெருஞ்சேமிப்பகம் ஒன்று 1995இலேயே தொடங்கிவிட்டது. பழைய பொறியைப் போல நடிக்கும் நிரல்களையும் எழுதினர். 2024 நவம்பரில், இறப்பர்ச் சாவியோடும் வானவில் கோட்டோடும் ஸ்பெக்ட்ரம் புதிதாக விற்பனைக்கு வந்தது. உள்ளே இருப்பது அத்தகைய நடிப்புத்தான். நிறம் ஒட்டும் குறையையும் அப்படியே வைத்திருக்கின்றனர். குறையை நீக்குவது எளிது. நீக்கினால் பழைய கட்சியார் வாங்கமாட்டார்.

கொம்புமுறிக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. பாட்டுகள் ஏட்டிலும் நினைவிலும் எஞ்சின. அண்மைக் காலத்தில் சில இடங்களில் விளையாட்டை மீள நடத்தியும் காட்டியிருக்கின்றனர். ஆனால் ‘நான் வடசேரி’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல ஒருவரும், அதைக் கேட்டுச் சினக்க மற்றொருவரும் இன்று அரியர். கணினிக் கட்சியார் தம் போரை மறவாதிருப்பதற்கு ஒரு காரணம், எதிர்க்கட்சியும் உயிரோடிருந்து இன்னும் மறுத்துப் பேசுவதே.

அவர்கள் நாடாவைக் காத்த முறை மட்டக்களப்பு வீடுகளிலுள்ள நாடாக்களுக்கும் பொருந்தும். 1984இல் பதிந்த நாடாவுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். வாவிக்கரையின் வெக்கையும் ஈரமும் காந்தப்பூச்சைத் தளர்த்தும். பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். சுருளின் ஓரத்தில் வெண்படலம் காணப்பட்டால், அதைப் பொறியிலிட்டு ஓட்டலாகாது. படலம் முனையில் ஒட்டி அடுத்த நாடாவையும் கெடுக்கும். படலமில்லாத நாடாவை முதலில் முழுவதும் ஒரு முறை முன்னோக்கியும் பின்னோக்கியும் மெதுவாகச் சுற்றித் தளர்த்துவர். நாடாவை முனையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால், பழைய வெற்று நாடா ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். 120 நிமிட நாடாவின் இழை மெல்லியது. இடையில் நிறுத்தி நிறுத்தி இழுத்தால் நீண்டுவிடும். முனையைச் சுத்தமான மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின்பே ஓட்டவேண்டும். குரல் மங்கலாகக் கேட்டால், முனையருகேயுள்ள சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, எந்த இடத்தில் எழுத்தொலிகள் கூர்மையாகின்றனவோ அந்த இடத்தில் நிறுத்தி, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்வர். இரண்டாம் ஓட்டத்தைச் சில நாடாக்கள் தாங்குவதில்லை.